மருந்தே இல்லாத தேமல்: மக்காச்சோளமும் சோளமும் புதிதாகப் போடுகிறவர்களுக்கு

எங்கள் கிணற்று மேட்டை ஒட்டிப் பத்து சென்டில் தீவனச் சோளம் நிற்கிறது. கோ.எஃப்.எஸ்-29 ரகம். ஒரு தடவை விதைத்துவிட்டால் வெட்ட வெட்டத் தழையும். இரண்டு எருமையும் ஒரு காங்கயம் பசுவும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நான் பண்ணையத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், அந்தச் சோளத்துக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம் போட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆடியிலேயே விதைத்துவிட்டார்கள். எனக்கு ஆள் கிடைக்காமல் மூன்று வாரம் தள்ளிப்போனது.

இருபதாம் நாள் வாக்கில் கிணற்றுப் பக்கத்து வரிசைகளில் குருத்திலை வெளிறித் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. கடையில் கேட்டு ஒரு மருந்து அடித்தேன். பத்து நாள் விட்டு இன்னொன்று அடித்தேன். இலையில் சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சியான அசுவினி செத்தது. ஆனால் வெளிறல் நிற்கவில்லை, வரிசை வரிசையாகக் கிழக்கே நகர்ந்துகொண்டே போனது. கதிர் ஒடிக்கும்போது பார்த்தால், கிணற்றோரத்துக் கதிர்கள் என் நடுவிரல் நீளம்தான். மணி பிடித்ததும் அங்கொன்று இங்கொன்றுதான்.

அசுவினி செத்த பிறகும் நோய் ஏன் நிற்கவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் இரண்டு தடவை மருந்துக்குச் செலவழித்த பணமும் மிஞ்சியிருக்கும், வெள்ளாமையில் பாதியாவது தேறியிருக்கும். புதிதாகத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் அதே இடத்தில் விழக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பூச்சி வேறு, நோய் வேறு

என் காட்டில் வந்த அந்த வெளிறல்தான் தேமல். அது வைரஸ் நோய். வைரஸுக்கு மருந்து கிடையாது. நாம் தெளிக்கிற எதுவும் செடிக்குள் போன வைரஸை அழிக்காது. அசுவினி அதைச் சுமந்து வருகிற வண்டி மட்டும்தான். வண்டியை நிறுத்தினால் நோய் நிற்குமா என்பது, சரக்கை அது எப்படிச் சுமக்கிறது என்பதைப் பொறுத்தது. இதில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, குளிர் நாடுகளில் கோதுமை, பார்லி, ஓட்ஸ் பயிர்களைத் தாக்குகிற மஞ்சள் குட்டை நோய். 1951இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதை முதலில் அடையாளம் கண்டு எழுதினார்கள். அந்த வைரஸ் செடியின் சாறு ஓடும் நரம்புக்குள் மட்டும் இருக்கும். அசுவினி மணிக்கணக்கில் உட்கார்ந்து உறிஞ்சினால்தான் அதன் உடம்புக்குள் போகும். உள்ளே சுற்றி எச்சிலுக்கு வந்து சேர ஒரு நாளாவது ஆகும். அப்படி ஏறிவிட்டால், வாரக்கணக்கில் அந்தப் பூச்சி போகிற இடமெல்லாம் நோயைக் கொடுக்கும். குட்டிகளுக்கு மட்டும் போகாது. இந்த வகையில் மருந்துக்கு வேலை இருக்கிறது. பூச்சி உட்கார்ந்து சாறு குடிக்கிற நேரத்துக்குள் விதையில் பூசுகிற விதை நேர்த்தி மருந்தோ தெளிப்போ அதைக் கொன்றுவிடும்.

நம்ம மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும் வருகிற தேமல் இரண்டாவது வகை. கரும்புத் தேமலும் இதே குடும்பம். இந்த வைரஸ் அசுவினியின் ஊசி வாயின் நுனியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இறக்கையுள்ள அசுவினி ஓர் இலையில் இறங்கியதும், இது நமக்கான செடிதானா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி ஊசியைச் சில நொடி குத்தி எடுக்கும். அந்தச் சில நொடி போதும், வைரஸ் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் இன்னொரு குத்து, அங்கே இறங்கிவிடும். நீங்கள் தெளித்த மருந்து பூச்சியைக் கொல்ல நிமிஷமோ மணியோ ஆகும். அதற்குள் அது நாலு செடியைத் தொட்டிருக்கும். சில மருந்து பட்டதும் பூச்சி நிலைகொள்ளாமல் செடி விட்டுச் செடி தாவும். அப்போது பரவல் கூடவும் செய்யலாம்.

நல்ல சேதி ஒன்றும் இதில் இருக்கிறது. ஊசி நுனியில் ஒட்டிய வைரஸ் சீக்கிரமே கழிந்துவிடும். நோயில்லாத செடிகளில் இரண்டு மூன்று தடவை குத்தினாலோ, சில மணி நேரம் போனாலோ அந்தப் பூச்சியிடம் சரக்கு தீர்ந்துபோகும். அதனால் நோய் பெரும்பாலும் பக்கத்திலிருந்துதான் வருகிறது. எனக்குக் கிணற்று மேட்டிலிருந்து வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "என் காட்டில் அசுவினியே இல்லை, அப்புறம் எப்படித் தேமல்?" என்று கேட்பவர்கள் உண்டு. மக்காச்சோளத்தில் குடியிருக்கிற அசுவினி மட்டும் இதைப் பரப்புவதில்லை. பருத்தி அசுவினி மாதிரி வேறு பயிரைத் தேடிப் போகிற பூச்சிகளும் வழியில் இறங்கி, ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் பறந்துவிடும். பூச்சி தங்கவில்லை, நோய் தங்கிவிட்டது.

(நெல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெல்லில் வருகிற துங்ரோ நோயைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. அதற்கு வழி வேறு. இங்கே சொல்வதை அங்கே கொண்டுபோக வேண்டாம்.)

இது தேமல்தானா என்று பார்ப்பது

என் பயிர் வெளிறிய சமயத்தில் நான் பழுத்த அடியிலையைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வரப்பிலிருந்து சொன்னார்: "ஏங்கண்ணு, கழிச்ச எலையில என்ன இருக்குது? குருத்த விரிச்சுப் பாரு." அதுதான் சரியான இடம். காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் போங்கள். கடைசியாக விரிந்த இலையையும் அதற்கு உள்ளே இருக்கிற குருத்திலையையும் அடிப்பக்கம் வரை விரித்து, சூரியனைப் பார்த்துத் தூக்கிப் பிடியுங்கள். தேமல் என்றால், வெளிர்பச்சைப் பரப்பில் கரும்பச்சைத் தீவுகள் சிதறிக் கிடக்கிற மாதிரி தெரியும். இலையின் அடியில்தான் முதலில் வரும், பிறகு நுனி நோக்கி நீளும். செடி முதிர முதிர இந்தக் கோலம் மங்கிவிடும். ஆகவே 15ஆம் நாளிலிருந்து 40ஆம் நாளுக்குள் பார்த்தால்தான் தெளிவாகப் பிடிபடும். இளம் பயிரில் பிடித்த செடிக்குக் கணு இடைவெளி குறுகிச் செடி குட்டையாகும், கதிர் சிறுக்கும். பூக்கிற சமயத்தில் பிடித்தால் இழப்பு குறைவு.

சோளத்தில் சில ரகங்களுக்குக் குளிர்ந்த இரவுகளில் இலையில் சிவப்புக் கோடும் சிவந்த திட்டும் விழும். நம் பக்கம் அதைக் கண்டால் மார்கழி, தையில் காணலாம்.

தேமல் மாதிரியே ஏமாற்றுகிறவை சில உண்டு. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியாகக் கூம்பு போல மஞ்சளாகும். குருத்து பச்சையாகவே இருக்கும். துத்தநாகம் குறைந்தால் இளம் இலையில் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் அகலமான வெளிர் பட்டை ஓடும். இரும்புச்சத்துக் குறைவில் நரம்பு பச்சையாக இருக்க, இடையில் நேர்கோடாக வெளுக்கும். அடிச்சாம்பல் நோய் என்றால் விடியற்காலையில் இலையின் அடியில் வெள்ளை மாவு படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் ஒட்டும். தேமலில் மாவும் இல்லை, ஒழுங்கான கோடும் இல்லை. இலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விடாத கோடுகளாக இருந்தால் அது தத்துப்பூச்சி பரப்புகிற வேறு வைரஸாக இருக்கலாம்.

இதைப் பார்க்காமல் யூரியாவைக் கொட்டுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மஞ்சளாகத் தெரிந்தால் யூரியா என்று கை பழகிப்போயிருக்கிறது. தழைச்சத்து மிஞ்சிய செடியில் சாறு அசுவினிக்குத் தோதாகி, அது இன்னும் வேகமாகப் பெருகும்.

விதைப்புக்கு முன்னால்: பாதி வேலை இங்கேதான்

உழவு ஓட்டுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், ஒரு சாயங்காலம் உங்கள் காட்டைச் சுற்றி வாருங்கள். பக்கத்துக் காட்டு வரப்பு, வாய்க்கால் கரை, கிணற்று மேடு எல்லாம் சேர்த்துத்தான். பார்க்க வேண்டியது, சோளக் குடும்பத்துச் செடி எதுவெல்லாம் பச்சையாக நிற்கிறது என்று. நான்கு இடங்களில் ஒளிந்திருக்கும்.

ஒன்று, போன வெள்ளாமையில் கொட்டிய மணி தானாக முளைத்து நிற்பது. களத்து மேட்டிலும் மாட்டுச் சாளையைச் சுற்றியும்கூட இது முளைக்கும். விதைப்புக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே உழுது மடக்கிவிடுங்கள். இலை காய்ந்து, அதிலிருந்த அசுவினி செத்தோ பறந்தோ போவதற்கு அந்த இடைவெளி வேண்டும்.

இரண்டு, வாய்க்கால் கரையில் சோளம் மாதிரியே இலை விட்டு, மண்ணுக்குள் தடித்த வேர் ஓடிப் படர்கிற காட்டுச்சோளம். இந்த வைரஸுக்கு உலகெங்கும் பேர்போன புகலிடம் அதுதான். மேலே அறுத்துவிட்டால் மறுபடி துளிர்க்கும். துளிரில்தான் அசுவினிக்குக் கொண்டாட்டம். வேரோடு தோண்டி எடுத்து வெயிலில் போட வேண்டும். ஒரே வருஷத்தில் முடியாது.

மூன்று, கட்டைக் கரும்பு, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கிற கரும்பு. பவானிசாகர் பாசனத்திலும் உடுமலைப் பக்கத்திலும் மக்காச்சோளத்துக்குப் பக்கத்திலேயே கரும்பு நிற்பது சாதாரணம். கரும்பில் தேமல், நடுகிற துண்டான கரணை வழியாகவே வந்துவிடும், கட்டை விடுகிற ஒவ்வொரு வருஷமும் அது கூடவே தொடரும். மக்காச்சோள அசுவினிதான் கரும்புத் தேமலைப் பரப்புகிறது என்று 1920இலேயே அமெரிக்காவில் பிராண்டஸ் என்ற ஆராய்ச்சியாளர் காட்டிவிட்டார். அங்கே லூசியானாவின் கரும்பு விவசாயம் அந்தப் பத்தாண்டில் இந்த நோயால் படுத்தே போனது. தாங்கும் ரகங்கள் வந்த பிறகுதான் எழுந்தது. நம்ம கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கி, நல்ல கரும்பைக் காட்டுக் கரும்போடு கலந்து கோ ரகங்களை எடுத்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். நோயைத் தாங்கும் குணத்தைப் பயிருக்குக் கொடுப்பது பல தடவை காட்டுப் புல்தான். பக்கத்துக் கரும்பில் தேமல் தெரிந்தால், உங்கள் மக்காச்சோளத்தை அந்த வரப்பிலிருந்து முடிந்த மட்டும் தள்ளி வையுங்கள். இடையில் கடலைக்காயோ உளுந்தோ போட்டுக்கொள்ளலாம்.

நான்கு, நம் வீட்டுத் தீவனச் சோளம். நம் பக்கம் இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாடு வைத்திருக்கிற எல்லோரிடமும் ஒரு துண்டு இருக்கும். அது வருஷம் பூராவும் பச்சை. ஒரு வெள்ளாமைக்கும் அடுத்த வெள்ளாமைக்கும் நடுவில் அசுவினியும் வைரஸும் குடியிருக்க அதைவிட வசதியான இடம் வேண்டுமா? மாட்டைப் பட்டினி போட முடியாது. அதனால் நான் இப்போது செய்வது இது. விதைப்புக்குப் பதினைந்து நாள் முன்பு ஒரே வாரத்தில் முழுவதையும் வெட்டி எடுத்துவிடுகிறேன். மறுதுளிர் வரும்போது தூர் தூராகப் பார்த்து, தேமல் உள்ள தூரைத் தோண்டி எறிகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை இடத்தையே மாற்றி விதைக்கிறேன். மக்காச்சோளம் முளைத்த பிறகு தீவனத்தை மொத்தமாக வெட்டுவதுதான் ரொம்பக் கெடுதி. உட்கார இடமில்லாத அசுவினி எல்லாம் கிளம்பிப் பக்கத்து இளம் பயிருக்கு வந்துவிடும். அந்தச் சமயத்தில் தினம் தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

இடம் மாற்றும்போது காற்றையும் பாருங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும். ஐப்பசிக்கு மேல் காற்று கிழக்கிலிருந்து திரும்பும். அசுவினிக்குச் சொந்தமாகப் பறக்கும் பலம் குறைவு, காற்று கொண்டுபோகிற பக்கம் போகும். ஆடிப்பட்ட மக்காச்சோளத்துக்கு மேற்கே தீவனச் சோளம் இருந்தால், நான் பட்டது நீங்களும் படுவீர்கள்.

விதைக்கும் நாள்

ஊரோடு ஒத்து விதையுங்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் பாசன நிலத்தை 4 மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் வந்த மண்டலத்தில் சுற்றுப்பட்டே மக்காச்சோளமாக இருக்கும். எல்லோர் பயிரும் ஒரே வயதில் இருந்தால், பூச்சி எல்லோருக்கும் பங்காகிப் போகும். நீங்கள் மட்டும் மூன்று நான்கு வாரம் பிந்தினால், மற்றவர்கள் பயிர் முற்றி இலை கட்டியாகும்போது அங்கே நெருக்கமாகப் பெருகிய அசுவினிக்கு இறக்கை முளைக்கும். அது தேடுகிற இளங்குருத்து அந்த வட்டாரத்திலேயே உங்கள் காட்டில் மட்டும்தான் இருக்கும். பிந்திவிட்டது என்று தெரிந்தால் பிடிவாதம் வேண்டாம். அந்தப் பட்டத்துக்குப் பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை என்று மாற்றிக்கொண்டு, மக்காச்சோளத்தை அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோதுமை நாடுகளிலும் அசுவினி பறக்கிற சமயத்தில் இளம் பயிர் நிற்காமல் பார்ப்பதுதான் கணக்கு. இலையுதிர் காலத்தில் அசுவினி பறந்து ஓய்கிற வரைக்கும் விதைப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று பூச்சி மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை செய்தது. அதன் பிறகு விதைப்பு நாளும் களைப்புல் அழிப்பும் அங்கேயும் முன்னைவிட முக்கியமாகிவிட்டன.

விதைக்கும்போதும் சரி, விதைத்த பிறகும் சரி

ஓரப் பயிர் போடுங்கள். ஆனால் என்ன போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். உளுந்து, தட்டைப்பயறு காடுகளைச் சுற்றிச் சோளமோ மக்காச்சோளமோ ஓரமாகப் போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அது அந்தப் பயிர்களுக்கு நல்லது. மக்காச்சோளத்தைச் சுற்றிச் சோளம் போடுவது எதிரிக்கு வாசலில் திண்ணை கட்டிக் கொடுக்கிற மாதிரி. மக்காச்சோளத்துக்கு ஓரமாக நான் தட்டைப்பயறு நான்கு வரிசை போடுகிறேன். வெளியிலிருந்து வருகிற அசுவினி முதலில் அதில் இறங்கிக் குத்திப் பார்க்கும். ஊசி நுனியில் இருந்த வைரஸ் அங்கேயே கழிந்துபோகும், தட்டைப்பயறுக்கு அந்த வைரஸால் ஒன்றும் ஆகாது. தட்டைப்பயறுக்கென்று கறுப்பு அசுவினி ஒன்று வரும். அது மக்காச்சோளத்தில் குடியேறாது. அதைத் தின்ன வருகிற பொறிவண்டு அங்கே பெருகி, பிறகு மக்காச்சோளத்துக்கும் வரும்.

வெறும் மண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வானத்திலிருந்து பார்க்கிற அசுவினிக்கு, செம்மண்ணுக்கு நடுவே தனித்தனியாகப் பச்சை தெரிந்தால் இறங்கத் தோது. வரிசைக்கு இரண்டடி, செடிக்குப் பத்து அங்குலம் என்ற கணக்கில் பழுதில்லாமல் முளைத்த காட்டில் தாக்குதல் குறைவாக இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழுது விழுந்த இடத்தில் ஒரு வாரத்துக்குள் மறு ஊன்று ஊன்றிவிடுங்கள். இருபது நாள் கழித்து ஊன்றினால் அந்தக் குழந்தைச் செடிகள்தான் முதலில் தேமல் வாங்கும். காய்ந்த கரும்புச் சோகையோ வைக்கோலோ கிடைத்தால் வரிசைக்கு நடுவில் மெல்லப் பரப்பலாம். ஈரமும் நிற்கும்.

விதை நேர்த்தி செய்த விதை தேவையா? சோளத்தில் குருத்து ஈ தொல்லை இருக்கிறது, அதற்காகச் செய்வது நியாயம். முதல் மூன்று நான்கு வாரம் அசுவினி கூட்டம் சேராமல் இருக்கவும் உதவும். தேமலை நிறுத்தும் என்று நம்பி அதற்குக் காசு கொடுக்காதீர்கள். காரணம் மேலேயே சொல்லிவிட்டேன். சொந்த விதை எடுக்கிறவர்கள், தேமல் பட்ட செடியின் கதிரிலிருந்து எடுக்க வேண்டாம். விதை வழியாகப் போவது மிகக் குறைவுதான், ஆனாலும் காட்டின் நடுவில் ஒரு செடி நோயோடு முளைத்தால் போதும்.

உரத்தை அடியுரம், 25ஆம் நாள், 45ஆம் நாள் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரே தடவையில் கொட்ட வேண்டாம்.

முதல் 30 நாள்

இந்த 30 நாளும் வாரம் இரண்டு தடவை காட்டுக்குள் நடங்கள். ஐந்து இடம், இடத்துக்கு இருபது செடி, மொத்தம் நூறு. அதில் ஓர் இடம் மேற்கு ஓரம், ஓர் இடம் மரத்தடி. காற்று தணிகிற மரத்தடியில் பூச்சி விழுவது அதிகம். தேமல் செடிக்குச் சிவப்புத் துணி கட்டுங்கள். அடுத்த தடவை எண்ணிக்கை கூடியதா என்று நோட்டில் எழுதுங்கள். நூற்றுக்கு எத்தனை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அசுவினி வந்து இறங்குகிற நாளைத் தெரிந்துகொள்ள மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டலாம். அதைவிட மலிவாக, ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, பயிர் மட்டத்தில் கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். காலையில் போனால் கறுப்புப் பொட்டுப் பொட்டாக மிதக்கும். ஒன்றை விரல் நுனியில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இறக்கை, பின்பக்கம் இரண்டு சின்னக் குழல். குழல் இருந்தால் அசுவினி. இது பூச்சியை ஒழிக்கிற பொறி இல்லை, வந்துவிட்டது என்று சொல்கிற மணி.

குருத்துக்குள் நீலம் கலந்த பச்சையில், கறுத்த கால்களோடு அடைந்து கிடப்பது மக்காச்சோள அசுவினி. சோளத்தின் இலை அடியில் வெளிர்மஞ்சளாகப் படர்ந்து, கீழ் இலையெல்லாம் தேன் ஊற்றியது போலப் பிசுபிசுப்பது கரும்பு அசுவினி. அந்தத் தேனில் பிறகு கரும்பூசணம் படியும், எறும்பு ஏறும். இவற்றில் ஆண் துணை இல்லாமலே தாய் நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரத்திலேயே தாயாகிவிடும். திங்கட்கிழமை ஒன்றிரண்டு பார்த்ததை ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் பார்ப்பது இதனால்தான்.

கூடவே காவல்காரர்களையும் பாருங்கள். பொறிவண்டு எல்லோருக்கும் தெரியும். அதன் குட்டி தெரியாது. கறுப்பாக, மஞ்சள் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். புழு என்று நினைத்து நசுக்கிவிடுவார்கள், நானும் நசுக்கியிருக்கிறேன். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் உப்பி, காய்ந்து, பழுப்பு மணி மாதிரி சில ஒட்டிக்கிடந்தால் அவை குளவி முட்டையிட்ட அசுவினிகள். உள்ளே குளவிக் குஞ்சு வளர்கிறது. நாலு செடிக்கு ஒன்றில் இந்த இரண்டில் ஏதாவது தெரிந்தால் நான் மருந்து டப்பாவைத் தொடுவதில்லை, ஒரு வாரம் பொறுப்பேன். பெரும்பாலும் பொறுத்ததே போதும்.

படைப்புழுவுக்கு அடித்து அசுவினியை வளர்ப்பது

2018இல் அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளத்தில் மருந்தடிப்பது பல மடங்காகிவிட்டது. கண்டதையும் கலந்து குருத்தில் ஊற்றுகிறார்கள். எல்லாப் பூச்சியையும் கொல்கிற மருந்தை அடித்தால் முதலில் காலியாவது பொறிவண்டும் குளவியும்தான். குருத்தின் மடிப்புக்குள் தப்பிய நாலு அசுவினி, தின்ன ஆளில்லாமல் பத்து நாளில் காடு நிறையும். படைப்புழுவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்றால் புழுவுக்கென்றே சிபாரிசு செய்த மருந்தாகப் பார்த்து, தாக்கிய செடியின் குருத்தில் மட்டும் படும்படி அடியுங்கள். இரண்டு மூன்று மருந்தைக் கலக்காதீர்கள்.

அசுவினிக்காகவே தெளிக்க வேண்டிய சமயமும் உண்டு. மழையில்லாமல் பயிர் வாடி நிற்கும்போது குருத்தெல்லாம் அடைந்துவிட்டால் தெளிக்கத்தான் வேண்டும். அப்போது முதலில் தண்ணி கட்டுங்கள். பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல். ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, பத்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, நூறு லிட்டராக்குங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். வெயில் தாழ்ந்த பிறகு, குருத்துக்குள் இறங்கும்படி தெளியுங்கள். அன்றே கரைத்ததை அன்றே முடித்துவிட வேண்டும்.

கடை மருந்து வாங்கினால் லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா, முக்கோணம் என்ன நிறம், தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்ற மூன்றையும் கடையிலேயே நின்று படியுங்கள். சிவப்பு முக்கோணம்தான் கடும் விஷம். ஆண்பூ விரிந்த பிறகு தெளிக்க வேண்டாம். மகரந்தத்துக்குத் தேனீ வரும். அந்தச் சமயத்தில் கொண்டையில் தெரிகிற அசுவினியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். தண்ணீர் குறையில்லாத பயிர் அதைத் தாங்கும்.

தேமல் தெரிந்துவிட்டால்

நூற்றுக்கு இரண்டு மூன்று செடி, பயிருக்கு வயது 30 நாளுக்குள் என்றால் பிடுங்குங்கள். செடியின் மேல் ஒரு சாக்கைக் கவிழ்த்து, அதற்குள் வைத்தே பிடுங்கி, வாயைக் கட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். கையில் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தால் வழியெல்லாம் பூச்சியை உதறிக்கொண்டு போவீர்கள். பிடுங்கியதை மண்ணில் புதையுங்கள். நூற்றுக்கு இருபது முப்பது ஆகிவிட்டால் பிடுங்கிப் பயனில்லை, காடு பழுதாவதுதான் மிச்சம். அந்த நிலையில் களையில்லாமல், தண்ணி தப்பாமல், உரத்தைக் கணக்காகக் கொடுத்து வளர்த்தால் மிச்சச் செடியும் பிந்தி நோய் வாங்கிய செடியும் கதிர் கொடுக்கும். "வைரஸுக்கு ஸ்பெஷல்" என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிடுங்கியதை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்பார்கள். செடியின் வைரஸ் மாட்டை ஒன்றும் செய்யாது. மக்காச்சோளம் என்றால், மருந்தடித்த நாள் கணக்குத் தாண்டியிருந்தால் தாராளமாகப் போடலாம். சோளம் என்றால் பொறுங்கள். பூக்காத இளஞ்சோளத்தில், அதுவும் வாடிக் குட்டையாக நிற்கிற செடியிலும் மறுதுளிரிலும், ஒரு விஷச்சத்து உண்டு. அது மாட்டின் வயிற்றில் சயனைடாக மாறும். சோளக்காட்டில் புகுந்து மேய்ந்த மாடு சற்று நேரத்தில் விழுந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தேமல் பட்டுக் குட்டையான இளஞ்சோளத்தைப் பச்சையாக ஒரு கைப்பிடிகூடப் போடாதீர்கள். பூத்த பிறகு அறுத்து, வெயிலில் காயவைத்துத் தட்டாகப் போடலாம்.

சந்தேகமாக இருந்தால் மாதிரி எடுத்துக் காட்டுங்கள். காரமடை, கோபி, நாமக்கல் என்று நம் பக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிர் நோயியல் துறை இருக்கிறது. போனில் கேட்க கிசான் அழைப்பு மையம், 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். மாதிரி எடுக்கும்போது காய்ந்த அடியிலை வேண்டாம். குருத்தோடு மேலே மூன்று இலை, நோயுள்ள செடியிலிருந்து ஒன்று, பக்கத்து நல்ல செடியிலிருந்து ஒன்று. இரண்டையும் லேசாக நனைத்த செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, தாளின் மேல் விதைத்த தேதி, ரகம், கடைசியாக அடித்த மருந்து, பக்கத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று எழுதுங்கள். காலையில் எடுத்து, வண்டி டிக்கியில் வேகவிடாமல், பையில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.